கோல் இலேசானால் லைனைக் கவனியுங்கள்

கலசப்பாக்கத்திலிருந்து தேவிகாபுரம், ஆரணி வரை பட்டு எடை போட்டுத்தான் கை மாறுகிறது. தறிக்குக் கொடுக்கும் பாவும் ஊடையும் கிராம் கணக்கு. நெய்து வந்த சேலையையும் தராசில் வைத்து, கொடுத்த பட்டுக்கும் சரிகைக்கும் எடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நூலின் பருமனைச் சொல்வதற்கும் எடைதான் வழி. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ, அதுதான் அந்த நூலின் டெனியர். சேலைக்கு வரும் கச்சாப் பட்டு பெரும்பாலும் 20/22 டெனியர். இவ்வளவு மெல்லிய இழையை அளவுகோல் வைத்து அளக்க முடியாது என்பதால், நீளத்துக்கு இத்தனை எடை என்ற கணக்கைப் பட்டுத் தொழில் பிடித்துக்கொண்டது.

உலகின் இன்னொரு மூலையில், இதே கணக்கை நம்பி இன்னொரு கூட்டம் நூல் வாங்குகிறது. அவர்கள் நெசவாளர்கள் அல்ல, மீன் பிடிப்பவர்கள். இறகும் நூலும் சுற்றிய செயற்கைப் பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்கி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் என்ற முறையில், கோலுக்கு ஏற்ற லைனை எடை பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த லைன் சுமார் நூறு ஆண்டுகள் பட்டாலேயே ஆனது. மெல்லிய, இலேசான கோலை வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் லைன்தான். கோலின் விலையையும் தயாரிப்பாளர் பெயரையும் நாள் கணக்கில் அலசுபவர்கள், லைனைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிவிடுகிறார்கள். கோல் நன்றாக வேலை செய்வதும் செய்யாமல் போவதும் அந்த லைனைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

எடை எங்கே இருக்கிறது?

ஏரிக்கரையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் தூண்டிலில் எடை நுனியில் இருக்கும். முள்ளில் மண்புழு, அதற்கு மேல் ஈயக்குண்டு, இன்னும் மேலே தக்கை. வீசும்போது அந்தக் குண்டு முன்னே பறக்க, மெல்லிய நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். நரம்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அது எவ்வளவு மெலிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளுக்கு எடையே கிடையாது. கொசு, ஈசல், எறும்பு, நீர்ப்பூச்சியின் உருவத்தில் சிறு முள்ளின் மேல் இறகையும் விலங்கு முடியையும் நூலால் கட்டியிருப்பார்கள். அதற்கு ஃபிளை என்று பெயர். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அதைக் கையால் எறிந்தால் காலடியில் விழும். எனவே எறிவதற்குத் தேவையான எடையை நூலிலேயே ஏற்றிவிட்டார்கள். அந்தக் கனமான நூல்தான் ஃபிளை லைன். கோலைப் பின்னால் இழுத்தால் லைன் காற்றில் பின்னோக்கி விரியும். அது முழுக்க நீண்டதும் கோலை முன்னே கொண்டுவர, லைனின் எடை கோலை வளைக்கும். கையைச் சட்டென்று நிறுத்தினால் வளைந்த கோல் நிமிரும். லைன் சாட்டைபோல ஒரு வளையமாக உருண்டு முன்னே விரிந்து, கடைசியில் ஃபிளையைத் தண்ணீரின் மேல் இறக்கும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. கோலை வளைப்பது லைனின் எடை. எடை குறைந்தால் கோல் வளையாது. குச்சியை ஆட்டுவதாகவே இருக்கும். எடை கூடினால் கோல் அளவுக்கு மீறி வளைந்து சோர்ந்துவிடும். லைன் தலைக்குப் பின்னால் தொங்கி விழும். கனமான கோல்கள் இந்தத் தவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலேசான கோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் மொத்தக் கணக்கே எட்டு கிராமுக்குள் அடங்குவதால், ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

நீலகிரிக்கு வந்த மீன்

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு ஒரு பழைய முகவரி உண்டு, நீலகிரி. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்திய மீன்பிடி பற்றி ‘தி ராடு இன் இந்தியா’ என்ற நூலை எழுதினார். தஞ்சாவூரில் ஆட்சியராகவும் இருந்தவர் அவர். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாக ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலையும் வெளியிட்டார். நதிகளில் மஹசீரும் ஏரிகளில் கெண்டையும் இருந்தும், குளிர்ந்த மலையோடைகளில் தங்கள் ஊரின் டிரவுட் மீன் இல்லையே என்ற ஏக்கம் அன்றைய ஆங்கிலேயர்களுக்கு இருந்தது.

1860-களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். நீண்ட கடல் பயணத்தையும் வெயிலையும் தாண்டி முட்டைகளை உயிரோடு சேர்ப்பது எளிதாக இல்லை. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் என்ற மீன் வளர்ப்பு வல்லுநரை மதராஸ் அரசு இந்தப் பணியில் அமர்த்த, அவலாஞ்சியில் 1907 வாக்கில் மீன்குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. இலங்கை, நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு வானவில் டிரவுட் இங்கே நிலைபெற்றது. குந்தா, அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கத்து ஓடைகளில் அது பரவியது. மூணாறு மலைகளிலும், இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் இதே கதை தனித்தனியாக நடந்தது.

இந்த ஓடைகள் பெரிய ஆறுகள் அல்ல. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே ஓடும் சிற்றோடைகள். பல இடங்களில் தாவிக் கடந்துவிடலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, மீன் சின்னது, வீச்சின் தூரம் இருபது முப்பது அடிதான். பெரிய கோலுக்கும் தடித்த லைனுக்கும் அங்கே வேலையில்லை. இலேசான கோலின் அருமை தெரிவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான்.

பட்டு லைனின் காலம்

ஐரோப்பாவில் முதலில் குதிரை வால் முடியைப் பின்னித்தான் லைன் செய்தார்கள். பின்னர் முடியோடு பட்டு கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முழுப் பட்டு லைன் வந்து, முடியை ஓரங்கட்டியது.

அதைச் செய்த விதம் ஆரணிக்காரர்களுக்கு எளிதில் புரியும். பட்டு இழைகளை ஒன்றோடொன்று பின்னி நெடுங்கயிறாக்கினார்கள். பின்னும்போதே இழைகளைக் கூட்டியும் குறைத்தும் போனதால் நடுவில் தடித்தும் நுனியில் மெலிந்தும் வந்தது. பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்து, மறுபடி ஊறவைத்தார்கள். பட்டு இழைகளுக்கு இடையில் எண்ணெய் புகுந்து இறுகி, மேற்பரப்பு வழுவழுப்பாகும் வரை இந்த வேலை நடந்தது. மீன் பிடிக்கப் போகும்முன் லைனுக்குக் கொழுப்பு தடவினால் மிதக்கும். மாலையில் ரீலிலிருந்து முழுக்க அவிழ்த்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் பட்டு மட்கிவிடும்.

லைனின் நுனிக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நுனிநரம்பும் பட்டுப்புழு தந்ததுதான். கூடு கட்டத் தயாரான புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை உருவி இழுத்தால் வலுவான ஒற்றை நரம்பு கிடைக்கும். ஸ்பெயினின் மூர்சியா பகுதி இதற்குப் பேர்போனது. இன்னும் மெலிதான நரம்பு வேண்டுமென்றால் சிறு துளைகள் வழியாக அதை இழுத்துச் சன்னமாக்குவார்கள். இன்று நைலான் நரம்புச் சுருளின் மேல் 4எக்ஸ், 5எக்ஸ் என்று அச்சிடுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. எத்தனை முறை துளையில் இழுத்தார்கள் என்ற கணக்கு, எண்ணாக நிலைத்துவிட்டது.

கோல் விஷயத்திலும் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மூங்கிலைச் சீவி ஆறு பட்டைகளாக ஒட்டிச் செய்த கோல்களுக்கு முதலில் போனது ‘கல்கத்தா மூங்கில்’. நம் காடுகளிலும் வளரும் கல்மூங்கில் இனம் அது. பிறகு சீனத்திலிருந்து வந்த டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பட்டு லைன்களை விற்றவர்கள் ஆங்கில எழுத்துகளால் அளவு சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பருமன். ‘டி’ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு, ‘எச்’ என்றால் 25 பங்கு. ‘எச்.டி.எச்’ என்று போட்டிருந்தால் இரு நுனியும் மெலிந்து நடு தடித்த லைன். எல்லா லைனும் பட்டாக இருந்தவரை இந்த முறை குழப்பமில்லாமல் நடந்தது. ஒரே பருமன் என்றால் ஏறக்குறைய ஒரே எடை.

நைலான் வந்ததும் கணக்கு உடைந்தது. நைலான் பட்டைவிட அடர்த்தி குறைந்தது. அதே ‘எச்.டி.எச்’ நைலானில் இலேசாக இருந்தது. பழைய கோலை வளைக்க அதனால் முடியவில்லை. 1950-களில் நைலான் பின்னல் மேல் பிளாஸ்டிக் பூசிய லைன்கள் வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. பருமனைச் சொல்லி விற்பதில் பொருளில்லை என்று புரிந்துகொண்ட அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர் சங்கம், 1960-களின் தொடக்கத்தில் எடையை அளவாக்கியது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு கனம் என்பதே இனி எண். நெசவாளர் டெனியரில் சொல்வதை இவர்கள் தங்கள் அலகில் சொன்னார்கள்.

எண்ணின் பொருள்

அந்த அலகு கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், 60 கிரெய்ன் இருந்தால் 1-ஆம் எண் லைன். 80 என்றால் 2, 100 என்றால் 3, 120 என்றால் 4, 140 என்றால் 5, 160 என்றால் 6. அதற்கு மேல் இடைவெளி கூடிக்கொண்டே போய் 8-ஆம் எண் 210 கிரெய்னும், 12-ஆம் எண் 380 கிரெய்னும் ஆகும். கிராமில் சொன்னால் 2-ஆம் எண் 5.2, 3-ஆம் எண் 6.5, 4-ஆம் எண் 7.8, 5-ஆம் எண் 9.1.

பட்டுக் கணக்கில் பார்த்தால், 3-ஆம் எண் லைனின் முதல் 30 அடி, அதே நீளமுள்ள 20/22 டெனியர் கச்சாப் பட்டு இழைகள் சுமார் 300-ஐச் சேர்த்துப் பிடித்த எடைக்குச் சமம்.

இலேசான கோல் என்று பொதுவாகச் சொல்வது 1 முதல் 4 வரை எண்ணிட்ட கோல்களை. நீளம் பெரும்பாலும் ஆறடியிலிருந்து எட்டரை அடிக்குள் இருக்கும். கைப்பிடிக்கு மேலே, கோலின் மேல் ‘7 அடி 6 அங்குலம், 3’ என்று எழுதியிருந்தால் 3-ஆம் எண் லைனுக்காகச் செய்த கோல் என்று பொருள். முதன்முறை வாங்குபவருக்கு முதல் அறிவுரை மிக எளியது: கோலில் எந்த எண்ணோ அந்த எண் லைன். ஆராய்ச்சி அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. இன்று சந்தைக்கு வரும் லைன்களில் பல, விறைப்பான கோல்களையும் வளைக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அரை எண், சில சமயம் ஒரு முழு எண் கூடுதல் எடையோடு செய்யப்படுகின்றன. 4 என்று எழுதியிருக்கும், எடை 5-க்கு இருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் பெட்டியின் பின்புறத்திலோ விவரத் தாளிலோ கிரெய்ன் எடையைத் தருகிறார்கள். வாங்கும்முன் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே எடை போட்டுவிடலாம். நகையும் சரிகையும் நிறுக்கும் சிறு எலக்ட்ரானிக் தராசு ஆரணிப் பக்கத்தில் அரிதான பொருளல்ல. சுத்தமான தரையில் லைனின் முன்பகுதியை நீட்டி வைத்து, நுனியிலிருக்கும் சில அங்குலச் சமத்துண்டை விட்டுவிட்டு, 9.14 மீட்டரில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அந்த அளவை மட்டும் சுருட்டித் தட்டில் வைத்து, மீதி லைனைத் தராசை இழுக்காதபடி அதே உயரத்தில் பக்கத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். 4.8 முதல் 5.6 கிராம் வந்தால் அது 2-ஆம் எண். 6.1 முதல் 6.9 என்றால் 3. 7.4 முதல் 8.2 என்றால் 4. 8.7 முதல் 9.5 என்றால் 5. பெட்டியில் 3 என்று இருந்து தராசு 7.6 காட்டினால், கையில் இருப்பது 4-ஆம் எண் லைன். 3-ஆம் எண் கோலுக்கு அதைப் போட்டுவிட்டுக் கோலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எவ்வளவு தூரம் வீசப் போகிறீர்கள்?

கோலிலும் லைனிலும் போட்டிருக்கும் எண் 30 அடி லைன் காற்றில் இருக்கும்போது பொருந்துவது. நீலகிரி மாதிரிச் சிற்றோடையில் மீன் இருபது அடியில் நிற்கும். அதில் நுனிநரம்பு எட்டு அடி, கோலின் நீளம் ஏழடி. இரண்டையும் கழித்தால் கோலின் நுனிக்கு வெளியே உண்மையில் இருக்கும் லைன் ஐந்தாறு அடிதான். லைனின் மெலிந்த பகுதியே அதுதான். 3-ஆம் எண் லைன் அந்த நிலையில் கோலின் மேல் ஏற்றும் எடை 100 கிரெய்னில் ஒரு சிறு பங்கு. கோல் வளைய மறுப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் ஓர் எண் கூட்டிப் போடுவது சரி. 3-ஆம் எண் கோலுக்கு 4-ஆம் எண் லைன். அகலமான ஏரியில் நாற்பது ஐம்பது அடி வீசுபவர் இதைச் செய்தால் தலைகீழாகிவிடும். வெளியே போன லைன் கூடக்கூட எடையும் ஏறி, இலேசான கோல் தளர்ந்துபோகும். அவர் கோலின் எண்ணிலேயே நிற்க வேண்டும்.

கோலின் குணத்தையும் பார்க்க வேண்டும். சில கோல்கள் நுனியில் மட்டும் வளையும். இவை விறைப்பான, வேகமான கோல்கள். சில கைப்பிடி வரை மெல்ல வளையும். மூங்கில் கோலும் கண்ணாடி இழைக் கோலும் பெரும்பாலும் இந்த வகை. விறைப்பான கோலுக்கு எண்ணுக்கு ஏற்ற எடை அல்லது சற்றே கூடிய எடை பொருந்தும். மெல்ல வளையும் கோலுக்குத் தர அளவைத் தாண்டாத லைன் வேண்டும். கூடுதல் எடையோடு செய்த நவீன லைனை அதில் போட்டால் கோலின் இயல்பே கெட்டுவிடும்.

பெட்டியின் மேல் உள்ள எழுத்துகள்

லைன் பெட்டியில் ‘டபிள்யூ.எஃப்-4-எஃப்’ அல்லது ‘டி.டி-3-எஃப்’ என்று இருக்கும். நடுவில் இருப்பது எடை எண். கடைசி எழுத்து மிதப்பதா மூழ்குவதா என்பது. ‘எஃப்’ என்றால் மிதக்கும், ‘எஸ்’ என்றால் மூழ்கும். முதல் எழுத்துகள் லைனின் வடிவத்தைச் சொல்கின்றன.

‘டி.டி’ வகை இரு நுனியும் மெலிந்து நடு முழுக்க ஒரே பருமனாக இருக்கும். ‘டபிள்யூ.எஃப்’ வகையில் எடை முன்பக்கம் முப்பது நாற்பது அடிக்குள் திரண்டிருக்கும். பின்னால் வருவது மெல்லிய ஓட்டக் கயிறு. தூரம் வீச வேண்டுமானால் இரண்டாவது வகை நல்லது. மெல்லிய பகுதி வளையங்கள் வழியாக உராய்வில்லாமல் வழுக்கி ஓடும். இலேசான கோலுக்கோ, முதல் முப்பது அடிக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அந்த எல்லைக்குள்ளேயே மீன் பிடிப்பவருக்கு ‘டி.டி’ வகையில் இரண்டு நன்மை. தண்ணீரில் கிடக்கும் லைனை நீரோட்டத்துக்கு ஏற்பத் தூக்கித் திருப்பி வைப்பது எளிது. ஒரு நுனி தேய்ந்தால் ரீலில் மறுபக்கமாகச் சுற்றி, மற்ற நுனியைப் பயன்படுத்தலாம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு லைன் வாங்கும் நம்மவர்களுக்கு இது பெரிய சேமிப்பு.

‘டபிள்யூ.எஃப்’ தேர்ந்தெடுப்பவர் முன்சரிவின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். நுனியை நோக்கி நீண்டு மெலியும் லைன் தண்ணீரில் ஓசையில்லாமல் இறங்கும். தெளிந்த ஓடைக்கு ஏற்றது. திடீரென்று மெலியும் லைன் காற்றையும் பருத்த ஃபிளையையும் சமாளிக்கும். திறந்த ஏரிக்கு ஏற்றது.

முதல் லைன் மிதக்கும் வகையாகவே இருக்கட்டும். அதன் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடிக் குமிழ்கள் கலந்திருப்பதால் தண்ணீரைவிட இலேசாக இருக்கிறது. மூழ்கும் லைனை வெளியே இழுத்து மறுபடி வீசும்போது இலேசான கோலின் நுனிக்குச் சுமை அதிகம். ஆழத்தில் மீன் இருந்தால் மிதக்கும் லைனிலேயே நுனிநரம்பை நீளமாக்கி, சற்று எடையுள்ள ஃபிளையைக் கட்டினால் பெரும்பாலும் போதும்.

வெயிலுக்கு ஏற்ற பூச்சு

மேலைநாட்டு நூல்களில் அதிகம் அழுத்தமாகச் சொல்லாத, நமக்கு மிகவும் தேவையான விஷயம் வெப்பம். சாதாரண லைன்களின் மேற்பூச்சு குளிர்நாட்டு ஓடைகளுக்காகச் செய்தது. அந்தப் பூச்சு குளிரில் விறைக்காமல் இருக்க மென்மையாக்கியிருப்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் அதே பூச்சு துவண்டு, பிசுபிசுத்து, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வீச்சு பாதி தூரத்தில் நின்றுவிடும். வெப்பமண்டலக் கடல்களுக்கென்று செய்த லைன்களின் பூச்சும் உள்நூலும் விறைப்பானவை. வெயிலில் சரியாக வேலை செய்யும். அவற்றை ஊட்டியின் மார்கழிக் காலையில் எடுத்தால், ரீலில் இருந்த வளைவோடு சுருள் சுருளாக நிற்கும்.

ஆகவே சமவெளி ஏரிகளில் பிடிப்பவர் வெப்பமண்டல லைனையும், நீலகிரி, மூணாறு ஓடைகளுக்குப் போகிறவர் குளிர்நீர் லைனையும் வாங்க வேண்டும். வெப்பமண்டல லைன்கள் பெரும்பாலும் 6, 7-ஆம் எண்ணுக்கு மேல்தான் கிடைக்கின்றன என்பது இலேசான கோல்காரர்களுக்கு ஒரு சங்கடம். தேடிக் கிடைக்காவிட்டால், குளிர்நீர் லைனையே வைத்துக்கொண்டு விடியலிலும் அந்தியிலும் பிடிப்பது நல்லது. மீன் மேலே வந்து பூச்சி தின்னும் நேரமும் அதுதான்.

பூச்சுக்கு எதிரிகள் நம் கையிலேயே இருக்கிறார்கள். கொசு விரட்டித் தைலம், வெயில் கிரீம், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அவற்றைத் தொட்ட கையால் லைனைத் தொடக் கூடாது. பிடித்து முடித்ததும் இளஞ்சூட்டு நீரில் சிறிது மிதமான சோப்புக் கரைத்து, மென்துணியால் லைனைத் துடைத்து உலர்த்தினால் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரீலை விட்டுவைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

பயிற்சிக்குச் செய்யாற்று மணல் கண்ணைக் கவரும். ஆண்டின் பெரும்பகுதி கலசப்பாக்கத்தில் ஆறு மணலாகவே கிடக்கிறது. ஆனால் மணலும் சிமெண்ட் மொட்டைமாடியும் லைனின் பூச்சை உராய்ந்து கெடுக்கும். புல் முளைத்த பள்ளி மைதானம் நல்ல இடம். நுனியில் முள்ளில்லாமல் தறியில் மிஞ்சிய கழிவுப் பட்டை ஒரு சிறு குஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம். காற்றில் அதன் போக்கு ஃபிளையின் போக்குக்கு மிக நெருக்கமாக இருக்கும். யாருடைய கண்ணுக்கும் ஆபத்தில்லை.

நுனிநரம்பும் ரீலும்

லைனைச் சரியாக எடுத்துவிட்டு நுனியில் பிழை செய்தால் பயனில்லை. இலேசான கோலுக்கு ஏழரை முதல் ஒன்பது அடி வரை, படிப்படியாக மெலியும் நுனிநரம்பு பொருந்தும். கடைசித் துண்டு 4எக்ஸ் என்றால் 0.18 மில்லிமீட்டர், 5எக்ஸ் என்றால் 0.15, 6எக்ஸ் என்றால் 0.13. சிறு கெண்டைக்கும் டிரவுட்டுக்கும் 5எக்ஸ் நல்ல தொடக்கம். ஃபிளையும் 12 முதல் 18 வரையிலான சிறு முள்ளில் கட்டியதாக இருக்க வேண்டும். பெரிய, ஈரம் குடிக்கும் ஃபிளையை 3-ஆம் எண் லைனால் தூக்க முடியாது. லைனின் எடைக்கு மேல் ஃபிளை கேட்கக் கூடாது என்பதே கணக்கு.

ரீல் இங்கே லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். கோலுக்கு மேல் கனமில்லாததாகவும், லைனையும் அதற்கடியில் ஐம்பது அறுபது கெஜம் பின்கயிற்றையும் கொள்வதாகவும் இருந்தால் போதும்.

எங்கே, எந்த மீனுக்கு?

நம் ஏரிகளில் இலேசான கோலுக்கு ஏற்ற மீன்கள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எங்கும் பரவிவிட்ட ஜிலேபிக் கெண்டையும், சிறு கெண்டை வகைகளும் 3, 4-ஆம் எண் கோலில் நல்ல போராட்டம் காட்டும். பாசியும் அல்லியும் அடர்ந்த இடத்தில் பதுங்கும் விராலுக்கு இந்தக் கோல் பற்றாது. அதைத் தாவரங்களுக்குள்ளிருந்து இழுக்க 6, 7-ஆம் எண்ணாவது வேண்டும். காவிரி வழியின் மஹசீருக்கு அதையும் தாண்டிய கோல் தேவை. அந்த ஆற்றுக்கே உரிய திமில் மஹசீர் மிக அழிநிலையில் இருக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. தற்செயலாகக்கூட அதை இலேசான கோலில் நெடுநேரம் போராட வைத்துக் களைப்பித்துக் கொல்லக் கூடாது.

அனுமதி முக்கியம். சாத்தனூர் போன்ற அணைகளிலும் பல ஏரிகளிலும் மீன்பிடி உரிமை அரசு நிறுவனத்திடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். முக்குருத்தி தேசியப் பூங்காவாக இருப்பதால் அதற்குள் தூண்டில் போட முடியாது. நீலகிரியின் மற்ற நீர்நிலைகளிலும் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கோலைப் பிரிக்க வேண்டும். முள்ளின் கொக்கிச் செதிலைக் குறடால் அமுக்கி மழுக்கிவிட்டால், சிறு மீனைக் காயமில்லாமல் திரும்ப விடலாம்.

பட்டு லைன் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் சிறு பட்டறைகளில் அதைப் பின்னி எண்ணெய் ஏற்றுகிறார்கள். மூங்கில் கோல் வைத்திருப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒரே எடையில் பிளாஸ்டிக் லைனைவிட அது மெலிதாக இருப்பதால் எதிர்க்காற்றைக் கிழித்துப் போகிறது என்பதுதான் காரணம். முறுக்கும் பின்னலும் கைவந்த ஆரணி வட்டாரத்துப் பட்டுக்காரர்கள் நினைத்தால் அந்தச் சிறு சந்தையில் ஒரு கை பார்க்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் பட்டு வளர்ச்சித் துறையும் ஒரு முயற்சியாகவாவது இதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு, முதல் கோல் வாங்கப் போகிறவர் பணத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம். கோல் நடுத்தர விலையில் இருக்கட்டும், ரீல் மலிவாகவே இருக்கட்டும். மிச்சப்படும் பணத்தில் நல்ல லைன் வாங்குங்கள். மலையோடைக்கானால் 3-ஆம் எண் கோலும் ‘டி.டி-3-எஃப்’ அல்லது ‘டி.டி-4-எஃப்’ குளிர்நீர் லைனும், சமவெளி ஏரிக்கானால் 4-ஆம் எண் கோலும் வெயில் தாங்கும் ‘டபிள்யூ.எஃப்-4-எஃப்’ லைனும் போதுமானவை. கடையை விட்டுக் கிளம்பும்முன் பெட்டியைத் திருப்பி, முதல் 30 அடியின் கிரெய்ன் எடையைப் படித்துவிடுங்கள்.